டம்ளரில் வந்த குமிழி

அறுபத்தேழாவது வயதில், யாரையும் ராகிங் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். கல்லூரியில் சேரும் எல்லா மாணவர்களும் எழுதித் தர வேண்டிய உறுதிமொழி அது. சக மாணவர்களை உடலாலோ சொல்லாலோ துன்புறுத்த மாட்டேன், துன்புறுத்தினால் என்னை நீக்கிவிடலாம் என்று கையெழுத்திட வேண்டும். அதற்குக் கீழே பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. அலுவலகத்தில் இருந்த பெண் அந்தக் கட்டத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சார், இது காலியா இருந்தா சிஸ்டம் எடுக்காது.”

“எங்கப்பா போயி முப்பது வருஷம் ஆச்சேம்மா.”

“உங்களப் பத்தி நல்லாத் தெரிஞ்ச ரத்த சொந்தம் யாராவது போட்டாப் போதும் சார்.”

எனக்கு ஒரே மகள். மதுரையில் பள்ளி ஆசிரியை. படிவத்தை அவளுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். அவள் அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு, படம் பிடித்துத் திருப்பி அனுப்பினாள். ‘இவருடைய நடத்தைக்கு நான் பொறுப்பு’ என்ற வரிக்கு நேர் கீழே அவள் பெயர். பிறகு போன் செய்தாள்.

“ஒழுங்கா இருங்கப்பா. புகார் வந்தா என்னத்தான் கூப்பிடுவாங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் அம்மா இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. அந்த ஓராண்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். என் நடத்தைக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டவளிடம்தான் நான் ஒன்றை மறைத்து வைத்திருந்தேன். அந்தப் படிப்பில் சேர்ந்ததே அதனால்தான்.

மருத்துவப் பொறியியலில், பட்டம் பெற்றவர்களுக்கான ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. வாரத்தில் மூன்று மாலை கணினி வழியாக வகுப்பு. சனி, ஞாயிறு செய்முறைக்கு நேரில் போக வேண்டும். கல்லூரி, தென்காசியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில், பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பொறியியல் பட்டம் இருந்தால் போதும், வயது வரம்பு இல்லை. நான் முப்பத்து மூன்று வருடம் பாலிடெக்னிக்கில் மின்னியல் சொல்லிக் கொடுத்தவன். அளவு கருவிகள் என் பாடம். ‘மீட்டர் காட்டுவது பிடிக்கவில்லை என்றால் மீட்டரைத் தட்டாதே, முதலில் உன்னைச் சந்தேகப்படு’ என்று ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் சொல்வேன். பையன்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

விண்ணப்பத்தில், ஏன் இந்தப் படிப்பில் சேர விரும்புகிறீர்கள் என்று ஒரு கேள்வி. கிராமங்களில் பழுதாகிக் கிடக்கும் மருத்துவக் கருவிகளைச் சரிசெய்து மக்களுக்கு உதவ வேண்டும் என்று நல்ல ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினேன். ஒரு வரிகூட உண்மையில்லை. என் மனைவியின் கடைசி நாட்களில் நான் தவறு செய்தேனா என்று தெரிந்துகொள்ளச் சேர்ந்ததாகச் சொன்னால்கூடக் கௌரவமாக இருக்கும். அதுவும் இல்லை. நான் தவறு செய்யவில்லை என்று யாராவது பாடப் புத்தகத்திலிருந்து எடுத்துச் சொல்லிவிட மாட்டார்களா என்றுதான் போனேன்.

என் மனைவிக்கு நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பேறி இறுகிப் போகும் நோய். வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். சிலிண்டர் வேண்டாம் என்று, அறைக் காற்றை உறிஞ்சி ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம் ஒன்றை வாங்கினோம். முழங்கால் உயரம், அடியில் சக்கரம். எங்கள் வீட்டில் அதற்கு மிஷின் என்றுதான் பெயர். மூக்கில் மாட்டிக்கொள்ளும் மெல்லிய குழாயோடு அவள் அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள். வால் முளைத்துவிட்டது என்று சொல்லிக்கொள்வாள்.

கொண்டுவந்து இறக்கியவர், மிஷினைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தென்காசிக்காரனிடம் காற்றோட்டமான இடம் என்று சொன்னால் அவன் மேற்கு ஜன்னலைத்தான் காட்டுவான். எங்கள் படுக்கையறையின் மேற்கு ஜன்னலைத் திறந்தால் மலை. ஆனி பிறந்ததும் அந்தப் பக்கமிருந்துதான் சாரல் வரும். எந்தெந்த ஊரிலிருந்தோ வண்டி பிடித்து வந்து ஜனங்கள் முகத்தை நீட்டும் காற்று அது. மிஷின் காற்றிலிருந்துதானே ஆக்சிஜன் எடுக்கிறது, எடுப்பதைக் குற்றாலக் காற்றிலிருந்து எடுக்கட்டும் என்று ஜன்னலின் கீழேயே வைத்து, கதவை இரண்டு பக்கமும் திறந்து கொக்கி மாட்டினேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். “படிச்சவன் படிச்சவன்தான்” என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி.

ஒருத்தி மட்டும் மெச்சவில்லை. சீசன் காலத்தில் எங்கள் வீட்டில் உப்பு ஜாடியைத் திறந்துவைத்தால் மாலைக்குள் நீர்த்துவிடும். நான் காப்பி போட அடுக்களைக்குப் போய், எதையாவது எடுத்துவிட்டு எல்லாவற்றையும் திறந்துபோட்டு வருவேன்.

“உப்பு ஜாடிய மூடுங்கன்னு எத்தன தடவ சொல்ல? சாரல் அடிக்குல்லா?” என்றாள் மனைவி ஒரு நாள். பிறகு படுக்கையறைப் பக்கம் பார்த்து, “இந்தக் காத்துல உப்பே தண்ணியாப் போவுது. அந்த மிஷினு மட்டும் என்ன வரம் வாங்கிட்டா வந்திருக்கு? ஜன்னலச் சாத்துங்க.”

“ஏட்டி, மிஷினும் உப்பும் ஒண்ணா?” என்று சிரித்தேன். அன்று முழுவதும், வருகிறவர்களிடம் எல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தேன். அவளும் கூடவே சிரித்தாள்.

முதல் சீசன் ஒன்றுமில்லாமல் போயிற்று. இரண்டாவது ஆனியில் மகள் வந்து, “சீசன் முடியுற வரைக்கும் அம்மா என்கூட மதுரைல இருக்கட்டும்பா” என்றாள். குற்றாலக் காற்றை விட்டுவிட்டு அந்த வெக்கையிலும் புகையிலும் போய் எதற்குக் கிடக்க வேண்டும் என்று நான் ஒரு மணி நேரம் பேசினேன். நான் பேசினால் வீட்டில் எதிர்ப்பேச்சு இருக்காது. மகள் தனியாக ஊர் திரும்பினாள்.

அவள் போன ஒரு வாரத்தில் மனைவி சொன்னாள்: “இங்க பாருங்க, மிஷின் சத்தம் மாறிட்டு.”

“என்ன மாறிட்டு?”

“முன்ன நெறஞ்சு வரும். இப்ப சுருக்கு சுருக்குன்னு வருது. என்னய மாதிரி அதுக்கும் எளைக்கு.”

“காலமெல்லாம் மோட்டார் சத்தம் கேட்டவன்ட்ட மிஷின் சத்தத்தப் பத்திச் சொல்லுதியாக்கும்?”

ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தேன். அவள் மூக்கிலிருந்து குழாயைக் கழற்றி, நுனியைத் தண்ணீரில் வைத்துக் காட்டினேன். குமிழிகள் பொங்கி வந்தன.

“பாத்தியா? எப்படி வருது!”

“குமிழி வருது” என்றாள். “மூச்சு வரலியே.”

இரண்டாவது முறை அவள் சொன்னபோது மிஷினின் முகப்பில் மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. வோல்டேஜ் குறைவாக இருக்கிறது, அதனால்தான் என்று விளக்கினேன். மிஷினோடு வந்த கையேடு அலமாரியில் உறை பிரிக்காமல் இருந்தது. மின்னியல் ஆசிரியன் அதைப் படிப்பதா என்ற எண்ணம். அவள் படுத்தபடியே அந்த விளக்கைப் பார்த்துப் பார்த்து, “இன்னும் எரியுதே, இன்னும் எரியுதே” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இன்சுலேஷன் டேப் எப்போதும் கைவசம் இருக்கும். ஒரு துண்டு கிழித்து விளக்கின் மேல் ஒட்டினேன். வெளிச்சம் கண்ணில் பட்டால் உனக்குத் தூக்கம் கெடும் என்று அவளிடம் சொன்னேன். அவள் கேள்வியை நிறுத்தத்தான் ஒட்டினேன்.

மூன்றாவது முறை அவள் சொன்னபோது, விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் சின்னக் கருவியை மாட்டினேன். எண் மிகவும் குறைவாக இருந்தது. அவள் விரலில் மருதாணி சிவந்திருந்தது, ஆடிக்கு வைத்தது. மருதாணி இருந்தால் இந்தக் கருவி தப்பாகக் காட்டும் என்றேன். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. கால் விரலில் மாட்டிப் பார்த்திருக்கலாம். என் விரலில் மாட்டிக் கருவியைச் சோதித்திருக்கலாம். செய்யவில்லை. மீட்டரைத் தட்டாதே என்று முப்பத்து மூன்று வருடம் சொன்னவன், மீட்டரைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடினேன்.

மகள் தினமும் போன் செய்வாள். அம்மாவால் நீளமாகப் பேச முடியாததால் நான்தான் பேசுவேன். “நல்லா இருக்கா. மிஷின் நல்லா ஓடுது. குமிழி பொங்குது” என்பேன். ஆடிக் கடைசியில் ஒரு காலையில் என் மனைவியால் உட்காரக்கூட முடியவில்லை. மருத்துவமனையில் மூன்று நாள் இருந்தாள். நோய் முற்றிவிட்டது, இது எதிர்பார்த்ததுதான் என்றார் டாக்டர். மிஷினைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு, யாருக்காவது பயன்படட்டும் என்று மிஷினைக் கொடுக்க நினைத்து, சரிபார்க்க ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் பின்மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். விரலில் வெள்ளையாக ஏதோ மாவு போல் ஒட்டியது.

“சார், இது ஜன்னல் பக்கத்துலயா இருந்துச்சு?”

“இல்ல” என்றேன். யோசிக்காமல் வாய் சொல்லிவிட்டது.

“அப்பச் சரி. ஆனா இத யாருக்கும் குடுத்துராதீங்க, உள்ள மாத்தணும்” என்று மூடிவிட்டுப் போனார். நான் மிஷின் மேல் ஒரு போர்வையைப் போட்டேன். அதன்பின் அந்த அறைக்குப் போகவில்லை. அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது மட்டும் என்னோடு அறைக்கு வெளியே வந்துவிட்டது.

முதல் வருடத் திதிக்குக் கீழப்பாவூரிலிருந்து மதினி வந்திருந்தார். மதினி என் மனைவியின் அக்கா. மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவார். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து என் மகளிடம் சொன்னார்: “நீ கூட்டிட்டுப் போயிருக்கணும்ளா. அங்கன பெரிய டாக்டர்மாரு உண்டும். ஒரு சொல் அழுத்திச் சொல்லிருந்தா அவ வந்திருப்பா.”

“ஆமா பெரியம்மா. நான் கூட்டிட்டுப் போயிருக்கணும்” என்றாள் மகள். முதல் தடவை சொல்கிறவள் போல இல்லை. அந்த ஒரு வருடமும் அதையே தனக்குள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நான் மோர் கேட்டேன். அதற்கு அடுத்த வாரம்தான் அந்தப் படிப்பின் விளம்பரத்தைப் பார்த்தேன்.

வகுப்பில் பதினோரு பேர். ஒன்பது பேர் என் பேரன் வயது. இன்னொருவர் அச்சன்புதூர்க்காரர், ராணுவ மருத்துவமனையில் கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். அங்கே வேலையோடு பட்டமும் வாங்கியிருந்தார். நாற்பத்தைந்து வயது, தோட்டமும் வைத்திருந்தார். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

“உக்காருங்கல. அண்ணாச்சியும் நம்ம செட்டுதான்” என்றார் அவர். பிறகு என் காதில், “அண்ணாச்சி, ராகிங் பாரத்துல யாருகிட்ட கையெழுத்து வாங்குனீய? எனக்கு எங்க அம்மா போட்டுது. ‘இந்த வயசுல எவன அடிச்சே?’ன்னு கேட்டுட்டுத்தான் போட்டுது.”

உடலியல் தாளில் முதல் தேர்வில் தோற்றேன். கருவிகள் எனக்குத் தெரிந்திருந்தன. அவை எதற்காக என்பது தெரிந்திருக்கவில்லை. நுரையீரலின் காற்றுப் பைகளைப் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னபோது வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். அச்சன்புதூர்க்காரர் பஸ்ஸில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். தப்பாகச் சொன்னால், “அண்ணாச்சி, பார்டர்ல இருந்தா இந்நேரம் ஆளு காலி” என்பார். இரண்டாம் தேர்வில் தேறினேன்.

ஆக்சிஜன் கருவிகள் பாடம் தை மாதம் வந்தது. எடுத்தவர் முப்பது வயது இருக்கக்கூடிய ஒரு பெண் ஆசிரியர். நான் அன்று முன்வரிசையில் உட்காரவில்லை.

“இந்த மிஷினுக்குள்ள ஜியோலைட்னு ஒரு பொருள், சின்னச் சின்ன உருண்டையா இருக்கும். காத்துல இருக்குற நைட்ரஜன அது பிடிச்சு வச்சுக்கும். ஆக்சிஜன் மட்டும் வெளிய வரும். ஆனா அதுக்கு நைட்ரஜனவிடத் தண்ணியத்தான் ரொம்பப் பிடிக்கும். ஈரம் ஏறி உக்காந்துட்டா நைட்ரஜனுக்கு இடமே இருக்காது. மழைக்காலத்துல உங்க வீட்ல உப்பு ஜாடியத் திறந்து வச்சா என்ன ஆகும்? அதேதான்.”

“எங்க வீட்டுல உப்புக்குள்ள அரிசி போட்டு வைப்பாவ மேடம். மிஷினுக்குள்ளயும் போடலாமா?” என்றார் அச்சன்புதூர்க்காரர். வகுப்பு சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார்.

“இன்னொண்ணு. நெறயப் பேரு குழாயத் தண்ணில விட்டுப் பாத்துட்டு, குமிழி வருது, நல்லா இருக்குன்னு நினைச்சிருவாங்க. குமிழி, காத்து வருதுன்னு மட்டும்தான் சொல்லும். என்ன காத்துன்னு சொல்லாது. சைக்கிள் பம்ப்ப விட்டாலும் குமிழி வரும்.”

நான் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதியது நன்றாக நினைவிருக்கிறது. ‘உப்பு’ என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டேன். பள்ளி இறுதி வரை படித்தவள், அடுக்களையில் நின்றுகொண்டு சொன்னதைத்தான் அன்று வகுப்பில் பாடமாகக் கேட்டேன். அவள் சொன்னபோது நான் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

படிப்பின் கடைசிப் பகுதி, பழுதான ஒரு கருவியை எடுத்து, ஏன் பழுதானது என்று ஆராய்ந்து அறிக்கை எழுதுவது. பிள்ளைகள் மருத்துவமனைகளில் தேடினார்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது என்றேன். அச்சன்புதூர்க்காரர் தம் வேனைக் கொண்டுவந்தார். போர்வையை எடுத்துவிட்டு, மிஷினை இருவருமாக ஏற்றினோம்.

ஆய்வகத்தில் அதை ஓடவிட்டு, வரும் காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளந்தோம். தொண்ணூறுக்கு மேல் இருக்க வேண்டியது ஐம்பத்திரண்டு காட்டியது. ஆசிரியர் குறித்துக்கொண்டார்.

“ஆனா சார், இது இன்னைக்கு உள்ள அளவு. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் சும்மா கிடந்திருக்கு. சும்மா கிடந்தாலும் ஈரம் ஏறும். யூஸ்ல இருந்தப்ப எவ்வளவு இருந்துச்சுன்னு நம்மால சொல்ல முடியாது.”

நான் எதற்காக அந்தப் படிப்பில் சேர்ந்தேனோ, அது என் கையில் வந்து விழுந்தது. மிஷின் அவள் இறந்த பிறகுதான் கெட்டிருக்கலாம். ஒரு பொறியாளர் தம் வாயால் சொன்னது. அதோடு எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அப்போதுதான் அச்சன்புதூர்க்காரர் முகப்பைத் துடைக்கக் குனிந்தார்.

“இது என்ன அண்ணாச்சி, இங்கன டேப் ஒட்டிக் கெடக்கு? லைட்ட மறைச்சுல்லா ஒட்டிருக்கு.” நகத்தால் உரித்தார். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. “யாரு ஒட்டுனது?”

ஆக்சிஜன் குறைந்தால் மட்டுமே எரியும் விளக்கு அது. போன மாதம்தான் பாடத்தில் படித்திருந்தோம். எரிந்திருக்காவிட்டால் அதன் மேல் டேப் ஒட்ட யாருக்கும் அவசியம் வந்திருக்காது.

“நான்தான்” என்றேன்.

“எதுக்கு?”

“என் வீட்டுக்காரி அதப் பாத்துக் கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தா.”

அவர் அந்த டேப் துண்டைச் சுருட்டி எறியாமல், மேசை விளிம்பில் ஒட்டிவைத்தார். பிறகு, “டீ குடிக்கலாம் அண்ணாச்சி” என்றார். டீக்கடையில் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். ஆனால் சொல்ல வேண்டிய ஆள் அவர் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

உடலியல் ஆசிரியரிடம் மட்டும் ஒன்று கேட்டேன். இப்படி ஒரு நோயாளி, இப்படி ஒரு மிஷின் என்றால் என்ன ஆகும் என்று. அவர் யோசித்துச் சொன்னார்: நோய் அவர்களை எப்படியும் கொண்டுபோயிருக்கும், எப்போது என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் அந்த நாட்களில் மூச்சுக்கு ரொம்பத் தவித்திருப்பார்கள். ஆகவே அவள் சாவுக்கு நான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. கடைசி நாற்பது நாளும் அவளைத் தவிக்கவிட்டேன், அவள் சொன்னபோதெல்லாம் டம்ளரைக் காட்டினேன் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது.

அறிக்கையில் காரணம் என்ற இடத்தில், பிள்ளைகள் வழக்கமாக எழுதுவதைப் போல் ‘பயன்படுத்தியவரின் பிழை’ என்று எழுதினேன். ஆசிரியர் அதை அடித்தார்.

“இப்படி எழுதினா பேஷண்ட் மேல தப்புன்னு ஆயிடும் சார். யாரு என்ன செஞ்சாங்கன்னு எழுதுங்க.”

எழுதினேன். கருவி மேற்கு ஜன்னலின் கீழே வைக்கப்பட்டது. ஒலி மாறியதை நோயாளி மூன்று முறை தெரிவித்தார். கருவியைப் பார்த்துக்கொண்டவர் ஏற்கவில்லை. எச்சரிக்கை விளக்கை அவர் மறைத்தார். வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, “பார்த்துக்கொண்டவர் படிப்பறிவு இல்லாதவரா?” என்று கேட்டார்.

“பொறியியல் பட்டதாரி. அளவு கருவிகள் கற்றுக்கொடுத்தவர்.”

“அப்படின்னா அவருக்குத் தெரிஞ்சிருக்கணுமே.”

“தெரிஞ்சிருக்கணும்” என்றேன். வகுப்பிலேயே அந்த அறிக்கைக்குத்தான் அதிக மதிப்பெண் கொடுத்தார்கள்.

ஆனியில் சான்றிதழ் வழங்கினார்கள். காப்பாளர் வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டு மகள் மதுரையிலிருந்து வந்தாள். நான் மேடையேறியபோது அச்சன்புதூர்க்காரர் விசிலடித்தார். மறுநாள் காலை அவளுக்கு ஐந்தருவிக்குப் போக வேண்டும் என்று ஆசை. என் காரில் போனோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. இடம் கிடைத்து வண்டியை நிறுத்தியதும், “ப்ராஜெக்ட் என்னப்பா செஞ்சீங்க? காட்டவே இல்லியே” என்றாள்.

பின்சீட்டில் வைத்திருந்த அறிக்கையை எடுத்துக் கொடுத்தேன். அவள் படித்து முடிக்கும் வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயால் சொல்லத் தைரியம் இல்லாமல்தான் காகிதத்தைக் கொண்டுவந்திருந்தேன். அதில் நான் என்ற சொல்லே கிடையாது.

“பேஷண்ட்னு போட்டிருக்கே, யாருப்பா?”

“அம்மா.”

அவள் மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போனாள். நான் பேச ஆரம்பித்தேன். உப்பு ஜாடி, டம்ளர், டேப், மருதாணி, மெக்கானிக்கிடம் சொன்ன பொய் வரை.

“நீ போன் பண்ணுனப்பல்லாம் நல்லா இருக்கான்னு சொன்னது நான். லைட் எரிஞ்சதச் சொல்லல. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே நீ பஸ் ஏறி வந்திருப்ப. நீ கூட்டிட்டுப் போகலன்னு இனிமே சொல்லாதம்மா. உன்கிட்ட உண்மையச் சொல்ல ஆள் இல்ல.”

“மூணு தடவ சொன்னாளா?”

“எனக்கு ஞாபகம் இருக்கது மூணு.”

“மூணாவது தடவ சொன்னப்ப எப்படிச் சொன்னா?”

அவள் கேட்டதில் அதுதான் கடினமான கேள்வி. “சொல்லிட்டு, பரவால்ல விடுங்கன்னா” என்றேன்.

அவள் அறிக்கையைச் சீட்டில் வைத்துவிட்டு, துண்டைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனாள். பெண்கள் பக்கத்து வரிசையில் அவள் நிற்பது தெரிந்தது. பிறகு தெரியவில்லை. அரை மணி கழித்து, உடுத்திய துணியோடு நனைந்து வந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள். மதியம் பஸ்ஸில் மதுரைக்குப் போய்விட்டாள். அதன்பின் ஒரு மாதம் போன் இல்லை. நான் செய்தால், மாப்பிள்ளை எடுத்து, வேலையாக இருக்கிறாள் மாமா என்பார். எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆடியில் இரண்டாம் வருடத் திதி. மகள் முந்தின நாளே வந்து வேலைகளைப் பார்த்தாள். என்னிடம் பேசவில்லை. படுக்கையறை மேற்கு ஜன்னல் சாத்தியிருந்தது. அதை மட்டும் கவனித்தாள் போலிருந்தது. மதினியும் வந்திருந்தார். படையல் முடிந்து எல்லாரும் கூடத்தில் இருந்தபோது, தங்கையின் படத்தைப் பார்த்துக்கொண்டு மதினி பெருமூச்சு விட்டார்.

“எத்தன வருஷம் ஆனாலும் எனக்கு மனசு ஆறல. நீ அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருக்கணும்ளா.”

மகள் என்னைப் பார்த்தாள். காரில் அவளிடம் மட்டும் சொன்னது போதாது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கூடத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். மிஷினை ஜன்னலடியில் வைத்ததற்கு என்னை மெச்சிய அண்ணாச்சியும் இருந்தார்.

“அவள ஒண்ணும் சொல்லாதீங்க மதினி” என்றேன். “அவ கூப்பிட்டா. நான்தான் விடல. மிஷின் கெட்டுப் போச்சுன்னு உங்க தங்கச்சி மூணு தடவ சொன்னா. நான் கேக்கல. மிஷினக் கெடுத்ததும் நான்தான்.”

“என்னத்தச் சொல்லுதீய?” என்றார் மதினி.

ஜன்னலிலிருந்து ஆரம்பித்து மறுபடியும் சொன்னேன். இந்த முறை காகிதம் இல்லை. நான் முடித்தபோது பக்கத்து வீட்டு அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதினி என் மகளைப் பக்கத்தில் இழுத்து, தலையில் கையை வைத்தார். என் பக்கம் திரும்பவில்லை. அன்று முதல் இன்றுவரை அவர் என்னிடம் பேசுவதில்லை.

மகள் மெல்ல எழுந்தாள். அடுக்களை வாசலில் நின்று, ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

“அப்பா, இலை போட்டுரலாமா? எல்லாரும் பசியா இருப்பாங்க.”

“போடும்மா” என்றேன். போய் வாழையிலைக் கட்டை அவிழ்த்து வரிசையாகப் போட்டேன். அவள் பின்னாலேயே வந்து ஒவ்வொரு இலையிலும் உப்பு வைத்தாள்.